வால் குத்தி உட்கார்ந்த விமானம்

பொழிச்சலூரில், விமானங்கள் இறங்கும் பாதைக்கு நேர் கீழே இருக்கிற கங்கையம்மன் நகர் மூன்றாம் தெருவில் பேச்சுக்கென்று ஒரு முறை உண்டு. தலைக்கு மேல் விமானம் வந்தால் பேசுகிறவர் பாதிச் சொல்லில் நிறுத்திவிடுவார், கேட்கிறவர் முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு காத்திருப்பார், இருபது எண்ணுவதற்குள் சத்தம் மீனம்பாக்கம் பக்கம் போய் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடரும். சண்டையும் அப்படித்தான். "உன்னை மாதிரி ஒரு" என்று கையை நீட்டியவர் நீட்டிய கையோடு நிற்பார், இருபது எண்ணி முடிப்பதற்குள் பாதிக் கோபம் இறங்கிவிடும், அதனால் அந்தத் தெருவில் பெரிய சண்டை எதுவும் நடந்ததில்லை. நடந்த ஒரே பெரிய சண்டை சத்தமில்லாமல் நடந்தது. அது மாடி வீட்டு அக்கா சுகிர்தாவுக்கும் தங்கை பாமினிக்கும்.

கல்யாணம் வேண்டாம் என்று யாரும் முடிவெடுக்காமலேயே கல்யாணமாகாமல் போய்விட்ட அந்த இரண்டு பேரும் பிறந்ததிலிருந்து ஒரே வீட்டில் இருந்தவர்கள். சுகிர்தாவுக்குப் பல்லாவரத்தில் பல் செட் செய்யும் லேபில் வேலை. ஊரில் பாதிப் பேர் சிரிக்கும்போது தெரிவது அவள் கைவேலைதான். பாமினிக்கு அஞ்சலகத்தில் பார்சல் கவுன்ட்டர். தராசில் வைப்பதற்கு முன்னாலேயே எத்தனை கிராம் என்று அவள் கை சொல்லிவிடும். விமானத்தின் அடிவயிற்றை மட்டுமே அண்ணாந்து பார்த்து வளர்ந்த இருவருக்கும் அதன் முதுகு எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை இருந்தது. அந்த ஆசையில்தான் பெட்டியில் வரும் மாதிரி விமானங்களை வாங்கி ஒட்ட ஆரம்பித்தார்கள், ஆரம்பித்து இருபத்தோரு வருஷம் ஆகியிருந்தது.

பெட்டியைத் திறந்தால் பிளாஸ்டிக் சட்டங்களில் இறக்கையும் சக்கரமும் ஜன்னலும் தனித்தனியாகக் கோத்துக் கிடக்கும். அவற்றை நறுக்கி, அரம் போட்டு, ஒட்டி, இணைப்புக் கோட்டில் பட்டி பூசி, உப்புத்தாள் தேய்த்து, பிரைமர் அடித்து, அது காய்ந்து, பெயின்ட் அடித்து, அதுவும் காய்ந்து, தண்ணீரில் ஊறவைத்த எழுத்துப் படங்களை வழுக்கி ஒட்டி, கடைசியாக வார்னிஷ் என்று ஒரு விமானம் முடிய மூன்று மாதம் ஆகும். பெயின்ட் வேலை முழுக்க சுகிர்தாவுடையது. மூன்றே கோட், மூன்றும் மெல்லிசாக, என்பது அவள் சட்டம். நாலாவது கோட் அடிக்கிறவனுக்குக் கை சரியில்லை என்று அர்த்தம் என்பாள். பாமினிக்கு ஒரே ஒரு வேலை, மூக்கில் கனம் வைப்பது. மூக்குக்கு அடியில் சக்கரம் உள்ள விமானத்துக்கு மூக்கை ஒட்டி மூடுவதற்கு முன்னால் உள்ளே ஈயக் குண்டு வைக்காவிட்டால், எவ்வளவு அழகாகச் செய்திருந்தாலும் அது மூக்கைத் தூக்கிக்கொண்டு வாலில் குத்தி உட்கார்ந்துவிடும். மீன் வலையில் கட்டுகிற ஈயக் குண்டுகளை ஒரு பழைய பவுடர் டப்பாவில் போட்டு வைத்திருந்த பாமினி, விமான உடம்பின் இரண்டு பாதிகளையும் கையில் ஏந்திப் பார்த்து, கண்ணை மூடி, இத்தனை என்று எண்ணி வைப்பாள். ஒரு விமானம்கூட வாலில் உட்கார்ந்ததில்லை.

நாற்பத்தைந்தாவது வயதில் பாமினி, மொரீஷியஸுக்குப் புத்தகப் பார்சல் அனுப்ப கவுன்ட்டருக்கு வந்த, மனைவியை இழந்த ஒரு பள்ளி ஆசிரியரைக் கல்யாணம் செய்துகொண்டு அவரோடு மொரீஷியஸுக்கே போகப்போவதாகச் சொன்னபோது, சுகிர்தா "நல்லது" என்று மட்டும் சொன்னாள். பதிவு அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்துகூடப் போட்டாள். ஆனால் கிளம்புகிற நாளில் ஒரு நீல விமானத்துக்குக் கடைசிக் கோட் அடித்துக்கொண்டு அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். பாமினி பெட்டியோடு கதவுக்கு வெளியே நின்று, "அக்கா, போயிட்டு வர்றேன்" என்றாள்.

"பெயின்ட் காயல. கதவைத் திறந்தா தூசி வரும்."

தலைக்கு மேல் இரண்டு விமானங்கள் போகும்வரை பாமினி நின்றாள், பிறகு படியிறங்கினாள். போயிட்டு வர்றேன் என்றால் போயிட்டு வா என்று பதில் சொல்லியாக வேண்டும், பச்சைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். சொல்லாமல் விட்டதைத் தெரு முழுக்கக் கேட்டது. அதற்குப் பின் இரண்டு வருஷம், ஞாயிறுதோறும் போன் வந்தது. அங்கே மழையா, இங்கே மழை இல்லை, சாப்பிட்டாயா, ஆச்சு. தங்கை ஒரு தடவை வந்துவிட்டுப் போகமாட்டாளா என்று சுகிர்தாவுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது, ஆனால் வா என்று சொல்ல வேண்டிய நாளில் சொல்லாதவளுக்கு அதைப் பிறகு சொல்ல வாய் வரவில்லை. தங்கையும் வருகிறேன் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

இந்த இரண்டு வருஷமும் அலமாரியில் ஒரு பெட்டி பிரிக்காமல் கிடந்தது. இரட்டை விசிறி வைத்த, நாற்பத்தெட்டு பேர் உட்காரும் சின்ன பயணிகள் விமானம், ஒரு முழம்கூட நீளமில்லை. பாமினி இருக்கும்போதே வாங்கியது. ஆனி மாதம் சுகிர்தா அதைப் பிரித்தாள், ஐப்பசி பிறக்கப் பதினைந்து நாள் இருக்கும்போது முடித்தாள். வெள்ளை உடம்பு, மூக்கிலிருந்து வால்வரை மெல்லிய குங்குமச் சிவப்புக் கோடு, ஒரு தூசி இல்லை, ஒரு கீறல் இல்லை. அவள் வாழ்க்கையில் அதைப்போல் ஒரு பெயின்ட் வேலை அமைந்ததில்லை. பால்கனி மேஜையில் வைத்து, வாலருகே கடைசி எழுத்தை ஈரப் பஞ்சால் ஒற்றிவிட்டுக் கையை எடுத்தாள். விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு டொக்கென்று வாலில் உட்கார்ந்தது.

கனம் வைக்க மறந்துபோயிருந்தது. அது தன் வேலை என்று அவளுக்கு எப்போதும் தோன்றியதே இல்லை. சுகிர்தா நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள், பிறகு வேலைக்குப் போனாள்.

மறுநாள் காலை, கீழ்வீட்டில் இடியாப்பம் விற்கிற ஜுலேகா வாசல் கூட்ட வந்தபோது மாடிப்படியில் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். கட்டைவிரலின் முதல் கணு உயரம்தான் ஒவ்வொருவரும். கையில் பெட்டி, தோளில் பை, இடுப்பில் குழந்தை. முதலில் ஏறியவர் நூலைத் தொங்கவிட, அடுத்தவர் அதைப் பிடித்து ஏற, பெட்டிகளைத் தனியாகக் கட்டி இழுக்க, ஒரு படிக்குக் கால் மணி நேரமாக இரண்டு மாடிப்படியை ஏறிக்கொண்டிருந்தார்கள். ஜுலேகா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, முந்தானையை விரித்து, "உக்காருங்க, நான் கொண்டுபோய் விடறேன்" என்றாள். அவர்கள் கொஞ்சம் கூச்சப்பட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். நாலு நடையில் நாற்பத்தெட்டு பேரும் பால்கனிக்கு வந்து சேர்ந்தார்கள்.

"அக்கா, உங்க பிளேனுக்கு ஆள் வந்திருக்காங்க" என்று அவள் கதவைத் தட்டியபோது சுகிர்தா பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தாள். விமானம் என்று இருந்தால் ஆள் வரத்தான் செய்வார்கள், ஆனால் வால் குத்தி உட்கார்ந்திருக்கிற விமானத்தைப் பார்க்க வந்துவிட்டார்களே என்றுதான் அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

தொலைபேசித் துறையிலிருந்து ஓய்வுபெற்ற, குடியிருப்போர் சங்கச் செயலாளர் தணிகாசலம் அன்றே கூட்டம் போட்டார். வந்தவர்களை விருந்தினர் நோட்டில் எழுத வேண்டும் என்றார் அவர். எழுதலாம், ஆனால் கையெழுத்துப் போட அவர்களால் பேனாவைத் தூக்க முடியாது என்றார்கள் மற்றவர்கள். ஒரு மணி நேரம் பேசி, ஆளுக்கொரு புள்ளி வைத்தால் போதும் என்று தீர்மானமானது. பால்கனியைச் சுற்றி எறும்புச் சாக்பீஸால் கோடு போட்டார்கள். முதல் மாடிப் பூனையை அனகாபுத்தூரில் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பினார்கள். தெருவில் எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டு, கீழே பார்த்துப் பார்த்து நடந்தார்கள், அதனால் பல வருஷமாகத் தொலைந்திருந்த ஒரு மூக்குத்தியும் இரண்டு சாவியும் கிடைத்தன. ஜுலேகா காலையில் கொண்டுவந்த இடியாப்பத்தில் ஓர் இழை பன்னிரண்டு பேருக்குப் போதுமானதாக இருந்தது. மின்விசிறியை ஒன்றாம் எண்ணுக்கு மேல் வைக்கக் கூடாது, பால்கனிக்கு அருகில் நின்று தும்மக் கூடாது என்றெல்லாம் சட்டம் வந்து, இரண்டே நாளில் பழகியும் போனது. வந்தவர்களும் மரியாதை தெரிந்தவர்கள். பூந்தொட்டிகளுக்கு அடியில் படுத்துக்கொண்டார்கள், பாட்டில் மூடித் தண்ணீரில் முகம் கழுவினார்கள், தலைக்கு மேல் பெரிய விமானம் வரும்போது பாதிச் சொல்லில் நிறுத்தி இருபது எண்ணினார்கள். அதைப் பார்த்தபிறகு அவர்களை வெளியாள் என்று நினைக்க யாருக்கும் மனம் வரவில்லை.

ஒரே ஒரு விஷயம் மட்டும் யாருக்கும் தெரியாது, அவர்கள் எங்கே போகிறார்கள் என்பது. தணிகாசலம் ஒரு தடவை குனிந்து, "நீங்கல்லாம் எங்க" என்று ஆரம்பித்தார்.

"சார்!" என்று ஜுலேகா பிடித்துக்கொண்டாள். "கிளம்பற ஆளப் பாத்து எங்க போறேன்னு கேப்பாங்களா? போற காரியம் வெளங்குமா?"

"ஊர் பேர் நோட்டுல எழுதணுமேம்மா."

"அந்தக் கட்டத்த அப்படியே வுடுங்க. ஒண்ணும் ஆவாது."

அவர் அந்தக் கட்டத்தை அப்படியே விட்டார். தெருவில் வேறு யாரும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் காலை அவர்கள் விமானத்தில் ஏறினார்கள். அந்தக் கதவு திறக்கிற கதவே இல்லை, அச்சில் கோடு மட்டும் போட்டிருந்த கதவு. அவர்கள் தட்டியதும் திறந்தது. உயரத்தில் இருந்த வாசலுக்கு நூலைப் பிடித்து ஏறினார்கள், சரிந்த தரையில் வழுக்கிக்கொண்டு வால் பக்கம் போய் ஒருவர்மேல் ஒருவராக விழுந்தார்கள், பிறகு ஆடையைத் தட்டிவிட்டுக்கொண்டு இறங்கிவிட்டார்கள். யாரும் குறை சொல்லவில்லை. மறுநாள் காலையும் பெட்டியோடு வாசலில் வரிசையாக நின்றார்கள், மதியம்வரை நின்றுவிட்டுப் பூந்தொட்டிக்குத் திரும்பினார்கள். அதற்கடுத்த நாளும் நின்றார்கள், அதற்கடுத்த நாளும் நின்றார்கள்.

சுகிர்தா சும்மா இருக்கவில்லை. வாலுக்கு அடியில் பல்குத்தும் குச்சியை முட்டுக் கொடுத்தாள். நேராக நின்றது, ஆனால் முட்டுக் கொடுத்த விமானம் எங்கே பறப்பது? லேபிலிருந்து மெழுகு கொண்டுவந்து மூக்குக்கு வெளியே அப்பினாள். பத்து மணி வெயிலில் அது உருகி வழுக்கி விழுந்தது. செய்ய வேண்டியது என்ன என்று அவளுக்கு முதல் நாளே தெரியும். மூக்கை ரம்பத்தால் அறுத்து, உள்ளே கனம் வைத்து, மறுபடி ஒட்டவேண்டும். ரம்பத்தை எடுப்பாள், அந்த வெள்ளையையும் அந்தச் சிவப்புக் கோட்டையும் பார்ப்பாள், கை வராது, திரும்ப வைத்துவிடுவாள்.

ஒன்பதாம் நாள், பச்சைச் சேலை கட்டிய, பிரம்புக் கூடை வைத்திருந்த ஒரு சின்ன அம்மாள் வரிசையிலிருந்து வந்து மேஜை ஓரத்தில் நின்றாள். என்ன சொல்கிறாள் என்று கேட்க சுகிர்தா காதை மேஜைமேல் வைக்க வேண்டியிருந்தது.

"நீங்க பாத்து செய்ங்கம்மா. எங்களுக்கு அவசரமில்ல" என்றாள் அந்த அம்மாள். "நிக்கறதுதான் கொஞ்சம் கஷ்டமா இருக்கு. அவ்வளவுதான்."

சுகிர்தா தலையை நிமிர்த்தவில்லை. காதை மேஜையில் வைத்தபடியே கொஞ்ச நேரம் இருந்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் இரண்டு விமானம் போகும் நேரம் நின்றவளுக்கும் இப்படித்தான் கஷ்டமாக இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது.

அப்போதுதான் தணிகாசலம் செய்தித்தாளோடு மூச்சு வாங்க வந்தார். "வங்கக்கடல்ல தாழ்வு மண்டலமாம். நாளை மறுநாள் மழை புடிச்சுக்குமாம். அப்புறம் பத்து நாளைக்கு எந்த பிளேனும் கிளம்பாது, மேடம். பெரிய பிளேனே கிளம்பாது."

அன்று வியாழக்கிழமை. ஞாயிறில் அல்லாமல் சுகிர்தா தங்கைக்குப் போன் செய்தது அதுவே முதல் தடவை.

"என்னாச்சுக்கா? உடம்புக்கு ஏதாச்சும்?" என்று பதறினாள் பாமினி.

"அந்த நாப்பத்தெட்டு சீட்டு பிளேன முடிச்சுட்டேன். கனம் வைக்க மறந்துட்டேன்."

"வாலு குத்திடுச்சா?" என்றாள் பாமினி. அந்தக் குரலில் சிரிப்பு இருந்தது.

"குத்திடுச்சு. ஆளுங்க வேற வந்து ஒம்போது நாளா நிக்கறாங்க. எத்தனை கிராம் வைக்கணும்டி?"

"பவுடர் டப்பாவ நீ தொறக்கவே இல்லையா?"

"இல்ல."

"ரெண்டு வருஷமா?"

"தொறக்கத் தோணல" என்றாள் சுகிர்தா. உண்மை அதுவல்ல. திறக்க பயமாக இருந்தது.

"தொறந்து பாரு" என்றாள் பாமினி.

டப்பாவில் ஈயக் குண்டுகளுக்கு மேல் ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. அஞ்சலகத்து நூலால் நாலு பக்கமும் கட்டி, மேலே பாமினியின் உருண்டைக் கையெழுத்தில், "நாப்பத்தெட்டு சீட்டுக்கு. இருபத்திரெண்டு கிராம். நீ மறந்துடுவ" என்று எழுதியிருந்தது. கிளம்புகிற அன்று காலை, அக்கா அறையைச் சாத்திக்கொண்டு பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தபோது, தங்கை இந்தப் பக்கம் உட்கார்ந்து இதைக் கட்டியிருக்கிறாள். சுகிர்தா பொட்டலத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். இருபத்திரண்டு கிராமுக்கு அது அதிகமாகக் கனத்தது.

பிறகு ரம்பத்தை எடுத்தாள், சிவப்புக் கோட்டின் மேலேயே வைத்து மூக்கை அறுத்தாள். வெள்ளைப் பெயின்ட் செதில் செதிலாகப் பெயர்ந்தது. பொட்டலத்துக் குண்டுகளைப் பசையில் குழைத்து உள்ளே அடைத்தாள், மூக்கை ஒட்டினாள், சுற்றிலும் சாம்பல் நிறப் பட்டி பூசினாள். மறுநாள் காலை காய்ந்ததும் உப்புத்தாள் போட்டு, மேஜைமேல் வைத்துக் கையை எடுத்தாள். விமானம் மூன்று சக்கரத்திலும் அடக்கமாக உட்கார்ந்தது. வரிசையில் நின்றவர்கள் பெட்டிகளைக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

தணிகாசலம் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "மூக்கு மட்டும் சொறி புடிச்ச மாதிரி இருக்கே, மேடம்? பெயின்ட்?"

"பிரைமர் அடிச்சு, பெயின்ட் அடிச்சு, காஞ்சு முடிக்க ஒம்போது நாள் ஆகும் சார்."

"மழை வந்துடுமே."

"அதான். இப்படியே போகட்டும்" என்றாள் சுகிர்தா. இருபத்தோரு வருஷத்தில் பெயின்ட் இல்லாமல் ஒரு விமானம் அவள் கையை விட்டுப் போனதில்லை என்பதைத் தெரு அறியும்.

மொட்டை மாடியில் காயப்போட்டிருந்த துணிகளையும் வடகத்தையும் எடுத்தார்கள். ஜுலேகா தரையை நீளமாக ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை துணியால் துடைத்துவிட்டாள், விமானத்தையும் ஆட்களையும் பால்கனியிலிருந்து மேலே கொண்டுவந்து வைத்தார்கள். தெருவில் எல்லா மொட்டை மாடிகளிலும் ஆட்கள் நின்றார்கள். நாற்பத்தெட்டு பேரும் ஏறினார்கள், கோடு மட்டும் போட்ட கதவு மூடிக்கொண்டது, விசிறிகள் சுழல ஆரம்பித்தன, ஆனால் விமானம் நகரவில்லை. பச்சைச் சேலைக்கார அம்மாள் ஜன்னலில் முகத்தை வைத்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரிந்தது, எல்லாரும் சுகிர்தாவைப் பார்த்தார்கள், சுகிர்தா பக்கத்தில் மண்டியிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, "போயிட்டு" என்றாள்.

சரியாக அந்த நேரம் பெரிய விமானம் ஒன்று தலைக்கு மேல் வந்தது. முறை என்றால் முறைதான். சுகிர்தா வாயைத் திறந்தபடி நிறுத்தினாள். தெரு முழுக்க நிறுத்தியது. சின்ன விமானத்தின் விசிறிகளும் நின்று காத்திருந்தன. வழக்கமாக இருபது எண்ணுகிற நேரம், அன்றைக்கு அவளுக்கு இரண்டு வருஷ நீளம் இருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை, விட்ட சொல்லைப் பல்லுக்குள் பத்திரமாகப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தாள். சத்தம் மீனம்பாக்கம் பக்கம் போய் அடங்கியது.

"வாங்க" என்றாள்.

விசிறிகள் சுழன்றன. விமானம் துணிக்கொடிக்கு அடியில் ஓடி, கைப்பிடிச் சுவருக்கு ஒரு சாண் முன்னால் தரையை விட்டு எழும்பி, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றித் திரும்பி, தென்மேற்கே போயிற்று. அப்போதுதான் எல்லாரும் பறக்கிற ஒரு விமானத்தின் முதுகைப் பார்த்தார்கள். வெள்ளையாக, சுத்தமாக இருந்தது. மறுநாள் மழை பிடித்துக்கொண்டது.

இரண்டு ஞாயிறுகளில் லைன் கிடைக்கவில்லை. மூன்றாவது ஞாயிறு காலை போன் வந்தபோது ஜுலேகா சுகிர்தாவின் வீட்டில்தான் இருந்தாள், போகிற மாதிரி எழுந்து போகாமல் நின்றாள்.

"அக்கா" என்றாள் பாமினி. மழையா என்று கேட்கவில்லை. "நேத்து சாயங்காலம் டீ போட்டுட்டு இருந்தேன். சமையக்கட்டு மேஜைல வந்து எறங்கிச்சு. நாப்பத்தெட்டு பேரு. பெட்டிய எடுத்துக்கிட்டு, சொல்லிட்டு, அவங்கவங்க வழியில போயிட்டாங்க. பச்சப் பொடவ கட்டின ஒருத்தங்க மட்டும் கொஞ்ச நேரம் உக்காந்து டீ குடிச்சாங்க."

சுகிர்தா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"மூக்குல பெயின்டே இல்லியேக்கா. பட்டி தெரியுது. நீயா இப்படி அனுப்புன?"

"காயறதுக்கு நேரமில்லடி" என்றாள் சுகிர்தா. "ஆளுங்க வாசல்ல நின்னுட்டிருந்தாங்க."

தலைக்கு மேல் விமானம் எதுவும் இல்லை. இருந்தும் அந்தப் பக்கம் பாமினி நிறுத்திவிட்டாள், இந்தப் பக்கம் சுகிர்தா காத்திருந்தாள், இருபதும் தாண்டி எண்ணிக்கை போய்க்கொண்டே இருந்தது. ஜுலேகா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிறகு பாமினி மூக்கை உறிஞ்சினாள். "மடியில வெச்சு நானே எடுத்துட்டு வர்றேன். டிசம்பர் லீவுல. மூக்குக்குப் பெயின்ட் அடிச்சுக் காயறவரைக்கும் அங்கதான் இருப்பேன். எத்தனை நாளாகும்? மூணு கோட்டுதானே?"

"மூணு கோட்டு பத்தாது" என்றாள் சுகிர்தா. "அந்த மூக்குக்கு ஏழு கோட்டு வேணும். நீ வா."